எந்த வயதுக்கு எந்தக் கதை?

கதை எழுதுகிறவன் என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் தங்கள் வாழ்க்கையையே எழுதலாம், எழுதினால் நாலு பாகம் வரும் என்கிறார்கள். இன்னொரு சாரார், பிள்ளை பெற்றவர்கள், வைத்தியரிடம் கேட்பதுபோல் மருந்தும் அளவும் கேட்கிறார்கள். "பொண்ணுக்குப் பன்னிரண்டு முடிஞ்சிடுச்சு சார், பொன்னியின் செல்வன் கொடுக்கலாமா?" "பையன் ஏழாங்கிளாஸ், இந்தப் படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போலாமா, கூடாதா?" சேலையூர் பஸ் நிறுத்தத்திலும், சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடையிலும், தாம்பரத்திலிருந்து கிண்டி போகிற மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் உட்காராதவனிடம் இதைக் கேட்கிறார்களே என்று முதலில் கூச்சமாயிருந்தது. அப்புறம்தான் புரிந்தது, அவர்களுக்குப் படிப்பாளி தேவையில்லை. பொறுப்பேற்க ஓர் ஆள் தேவை.

சர்க்காரும் இப்போது அந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்திருக்கிறது. முன்பெல்லாம் படத்துக்கு இரண்டே முத்திரை. எல்லோரும் பார்ப்பதற்கு 'யு', பதினெட்டு நிறைந்தவர்களுக்கு மட்டும் 'ஏ'. 1983ல் நடுவே 'யு/ஏ' என்று ஒன்று வந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இதைப் பார்க்கலாமா என்று பெற்றோர் யோசித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் அர்த்தம். 2023ல் வந்த திருத்தச் சட்டம் அந்த நடுவையும் மூன்றாக வெட்டி, ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று எண் போட்டிருக்கிறது. இருமல் மருந்துப் புட்டியில் எந்த வயதுக்கு எத்தனை கரண்டி என்று ஒட்டியிருக்குமே, அதுபோல. ஆனால் இந்த மூன்றும் பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான். சிங்கப்பூரில் பதினாறு என்று போட்டால் பதினைந்து வயதுப் பையனை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். இங்கே பதினாறு என்று போட்டாலும் அவனை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை அவன் அப்பாதான் தீர்மானிக்க வேண்டும்.

யோசனை சொல்கிறவர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதுதான் என் விசாரம். இதற்கு நம் தமிழ்ப் படவுலகமே ஆரம்பத்தில் ஒரு நல்ல உதாரணம் தந்திருக்கிறது. 1951ல் ஜூபிடர் கம்பெனியின் 'மர்மயோகி' வந்தது. கே. ராம்நாத் டைரக்ஷன், எம்.ஜி.ஆர்., அஞ்சலிதேவி நடித்தது. தமிழில் முதன்முதலாக 'ஏ' முத்திரை வாங்கிய படம் அதுதான். இன்றைய வாசகர்கள் என்னவோ ஏதோ என்று நினைக்கக்கூடும். முத்தமுமில்லை, ரத்தமுமில்லை, காரணம் ஒரு பேய். செருகளத்தூர் சாமா பேயாக வந்து அரண்மனையில் ராணியைக் கலங்கடிக்கிறார். அதிலும் வேடிக்கை, அது நிஜப் பேய்கூட அல்ல. செத்துப்போனதாக நினைக்கப்பட்ட ராஜாதான் உயிரோடிருந்து அப்படி வருகிறார். மத்திய தணிக்கைக் குழு அந்த வருஷம் ஜனவரியில்தான் வேலையைத் தொடங்கியிருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குள்ள சுறுசுறுப்பில் பேயைப் பிடித்து வயதுவந்தோர் அறையில் அடைத்துவிட்டார்கள்.

இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். நானும் சிரித்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக நம் குழந்தைகள் அம்புலிமாமாவில் மாதந்தோறும் ஒரு பிணத்தை மரத்திலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்த விக்கிரமாதித்தனோடு கூடவே சுடுகாட்டில் நடந்தவர்கள். அந்த வேதாளத்துக்கு யாரும் முத்திரை குத்தவில்லை. பெற்றோர் சந்தாக் கட்டி வரவழைத்தார்கள். அப்படியிருக்க, திரையில் வந்த வேஷக்காரப் பேய் என்ன பாவம் செய்தது?

ஆனால் சிரித்து முடித்த பிறகு யோசித்தால், அந்தக் குழுவினர் முழு முட்டாள்கள் இல்லை என்றே தோன்றுகிறது. காகிதத்திலுள்ள வேதாளத்தின் வேகம் படிக்கிற குழந்தையின் கையில் இருக்கிறது. பயமாயிருந்தால் பக்கத்தை மூடலாம். மூடிவிட்டு அடுப்பங்கரையில் அம்மா இருக்கிறாளா என்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மீண்டும் திறக்கலாம். திரைப் பேய் அப்படிக் காத்திருக்காது. இருட்டில், தன்னைவிட இருபது மடங்கு பெரிய முகமாக, தான் விரும்பிய கணத்தில் வரும். 1970ல் உச்ச நீதிமன்றம் இதையே வேறு விதமாகச் சொன்னது. கே.ஏ. அப்பாஸ் என்கிற இந்திப் பட டைரக்டர், தம்முடைய சிறு படம் ஒன்றுக்கு 'ஏ' கொடுத்ததை எதிர்த்து வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா, மற்றெந்தக் கலையையும்விடச் சினிமா உணர்ச்சிகளை ஆழமாகக் கிளறுகிறது, அதனால் அதை வேறாக நடத்தலாம் என்று தீர்ப்பளித்தார். எழுத்தாளனாகிய எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. எங்கள் கலை அத்தனை ஆழமாகக் கிளறாது என்று கோர்ட்டிலேயே பதிவாகிவிட்டதல்லவா! இருந்தாலும் குழந்தைகளைப் பொறுத்தவரை நீதிபதி சொன்னது சரி.

ஆகவே முத்திரையே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. முத்திரை எதற்காகக் குத்தப்படுகிறதோ அதற்காகக் குத்தப்பட வேண்டும் என்பதுதான். நம் ராஜ்யத்தில் அது எப்படித் திசைமாறிப் போயிற்று என்று பெற்றோர்களில் பலருக்குத் தெரியாது. 2006ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு அறிவித்தது. 2011ல் அந்தச் சலுகைக்கு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: படம் 'யு' வாங்கியிருக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும் வரை இந்த ஏற்பாடு நடந்தது. அந்த ஆறு வருஷமும் 'யு' என்ற எழுத்து குழந்தைகளைப் பற்றிய வார்த்தையாக இல்லை. லாபநஷ்டக் கணக்கில் ஒரு வரியாக இருந்தது. தயாரிப்பாளர் இங்கே நாலு அடி, அங்கே ஒரு வசனம் என்று வெட்டிக்கொடுத்து எழுத்தை வாங்கிக்கொண்டார். படத்தின் குணம் மாறவில்லை. அரிவாள் தெரியாது, அரிவாள் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். குழந்தைகளுக்குச் சத்தம்தான் அதிகப் பயம் என்று எந்தத் தாயாரும் சொல்லியிருப்பாள், கேட்டிருந்தால். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் 'யு' என்று நம்பிக் குடும்பத்தோடு போய், பாதிப் படத்தில் குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். ஏமாற்றமடைந்த அவர்கள் அதற்குப் பிறகு எந்த எழுத்தையும் மதிப்பதில்லை. இது நியாயமான கோபம். ஆனால் விளைவு விபரீதம்.

அந்த விளைவை 2025 ஆகஸ்டில் பார்த்தேன். ரஜினிகாந்த் நடித்து லோகேஷ் கனகராஜ் டைரக்ட் செய்த 'கூலி'க்கு 'ஏ' கிடைத்தது. தயாரிப்பாளர்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய் 'யு/ஏ' கேட்டார்கள், மனு தள்ளுபடியாயிற்று. அதற்கு முன்னாலேயே படம் ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில், பெயர் வேண்டாம், மாலைக் காட்சிக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, ஒன்பது வயதிருக்கும் ஒரு பையன். பையன் தலைவர் படம் போட்ட சட்டை போட்டிருந்தான். வாசலில் நின்ற இளைஞன் கையைக் குறுக்கே நீட்டிவிட்டான்.

"நாங்க கூடவே இருக்கோமேப்பா. நான் அப்பா. நான் சொல்றேன், பார்க்கலாம்னு."

"சார், ஏ படம் சார். எனக்கு வேலை போயிடும் சார்."

"இதே டைரக்டர் போன படத்துக்கு இவனைத்தான் கூட்டிட்டு வந்தேன். அப்ப விட்டீங்களே?"

அந்த இளைஞனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதது அவன் குற்றமில்லை. 'லியோ'வுக்கு 'யு/ஏ', 'கூலி'க்கு 'ஏ' என்றால் இரண்டுக்கும் நடுவே எத்தனை சுத்தியல் அடி வித்தியாசம் என்று தணிக்கைக் குழு நமக்குக் கணக்குக் கொடுப்பதில்லை. அப்பாவின் தர்க்கமும் முழுக்க அசட்டுத்தனமல்ல. 'யு/ஏ' என்றால் அப்பா சொன்னதுதான் சட்டம். 'ஏ' என்றால் அப்பா சொல்வதற்கு இடமேயில்லை. நேற்றுவரை என் தீர்ப்பை நம்பிய சர்க்கார் இன்று ஏன் நம்பவில்லை என்று அவர் கேட்கிறார்.

இருந்தும் நான் வாசலில் நின்ற இளைஞன் பக்கம்தான். "நாங்க கூடவே இருக்கோமே" என்ற வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம். தியேட்டருக்குள் கூட இருப்பது என்றால் என்ன? பக்கத்து நாற்காலியில் இருப்பது. அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்; பார்க்கத்தானே பணம் கொடுத்தார்! பையனின் முகம் இருட்டில் இருக்கும். அவன் எந்த இடத்தில் மூச்சைப் பிடித்தான், எந்த இடத்தில் எல்லோரும் கைதட்டியதால் தானும் தட்டினான் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் பாட்டி மகாபாரதம் சொல்லுவாள். ஆறு வயதில் நான் கேட்ட கதை அது. அதைவிடக் கடுமையான கதை இன்றுவரை நான் படித்ததில்லை. சூதாட்ட மண்டபம் ஒன்று போதுமே, எந்தக் குழுவிடம் போனாலும் 'ஏ' நிச்சயம். ஆனால் பாட்டி எங்கள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். என் தங்கையின் உதடு பிதுங்கினால் கிருஷ்ண பரமாத்மா சட்டென்று வந்துவிடுவார். என் அண்ணன் மாத்திரம் இருந்தால் பீமன் சபதம் சாங்கோபாங்கமாக நடக்கும். அபிமன்யுவை ஒரு நாள் சாகவிடாமல் நிறுத்திவிட்டு, "மீதி நாளைக்கு" என்று எழுந்து போனது எனக்கு ஞாபகமிருக்கிறது. அந்த நாளை வர மூன்று வருஷம் ஆயிற்று. படத்துக்கும் புத்தகத்துக்கும் இந்தக் கண் கிடையாது. அவை எல்லாக் குழந்தைக்கும் ஒரே கதையைச் சொல்கின்றன. ஏழு, பதின்மூன்று, பதினாறு என்கிற எண்கள் அந்தக் கண்ணுக்குப் பதிலாகப் போட்ட கண்ணாடி. இல்லாததற்கு அது தேவலை. அவ்வளவுதான் சொல்வேன்.

புத்தகத்துக்கு வருகிறேன். புத்தகத்துக்கு முத்திரையே கிடையாது. ஆனாலும் நம் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் சினிமாவைவிடப் புத்தகத்துக்குத்தான் காவல் அதிகம் இருந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலைப் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு காலம். நான் பையனாயிருந்தபோது ராஜேஷ்குமாரும் சுஜாதாவும் அந்த ஸ்தானத்தில் இருந்தார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் வாங்கிய மாத நாவலுக்குத் தினசரித்தாளில் அட்டை போட்டு, பூகோளப் புத்தகத்தோடு சேர்த்து வைப்போம். எங்கள் அப்பா அட்டையைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடைபோடுவார். துப்பாக்கி இருந்தால் பரவாயில்லை, பெண் இருந்தால் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. திறந்திருந்தால் அவருக்கே பிடித்துப்போயிருக்கும்.

அந்தக் காவலின் உச்சம் 1966ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது நடந்தது. கதை தெரிந்ததுதான். மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒருவனுடைய காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். அந்த இதழைப் பெண் கண்ணில் படாமல் எடுத்து வைத்த வீடுகள் உண்டென்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்தப் பக்கத்துக்காக எடுத்து வைத்தார்கள்? காரில் நடந்ததற்காக என்று நினைப்போம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார் விஷயத்தை ஜெயகாந்தன் வெகு ஜாக்கிரதையாகவே எழுதியிருக்கிறார். பதினாறு வயதுப் பெண்ணுக்குப் புரியாதது ஒன்றுமில்லை, புரிய வேண்டியதற்கு மேலும் ஒன்றுமில்லை. பயமெல்லாம் அந்தக் குளியலறையைப் பற்றித்தான். அந்தக் கதையைப் படித்து முடித்த பெண் தலையைத் தூக்கித் தன் அம்மாவைப் பார்ப்பாள். நீயாயிருந்தால் என்ன செய்வாய் என்று வாயால் கேட்காமல் கேட்பாள். அந்தப் பார்வைக்குப் பதில் வைத்திருந்த அம்மாக்கள் இதழை ஒளித்திருக்க மாட்டார்கள். பின்னால் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல், அம்மா அப்படித் தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குகிறது. அதற்கு 1972ல் சாகித்திய அகாடமி பரிசு கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், நாவலைப் பெரியவர்களுக்கு ஒதுக்கிவிட்டுச் சிறுகதையைப் பெண் வளர்ந்து வருகிற வீடுகளில் மேஜைமேல் போட்டு வைக்கலாம். கங்காவின் கசப்பு முப்பது வயதுக்குப் புரியும் கசப்பு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு வகை இருக்கிறது. குழந்தைகள் நடிப்பதால் குழந்தைப் படம் என்று ஒருவரும் யோசிக்காமல் கூட்டிப்போகிற வகை. மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2015ல் தியேட்டருக்கு வந்தது. சிறந்த குழந்தைகள் படம் என்று தேசிய விருதும் பெற்றது. இரண்டு சேரிப் பையன்கள் பீட்சா தின்ன ஆசைப்படுகிறார்கள். அப்பா ஜெயிலில். தண்டவாளத்தோரம் கரி பொறுக்கிக் காசு சேர்க்கிறார்கள். நல்ல சட்டையோடு போயும் கடைவாசலில் அடி விழுகிறது. வீட்டில் பாட்டி செத்துப்போகிறாள். இதில் எந்தக் குழுவும் வெட்டுவதற்கு ஓர் அங்குலமில்லை. ஆனால் அந்த அறை இருக்கிறதே, சுத்தியல் படங்கள் பத்தைப் பார்த்த பையனையும் அது அசைத்துவிடும். மாடம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் அந்தப் படத்துக்குப் பிறகு, காலனிக் காவல்காரர் மகனைத் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தான். பெற்றோருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "குழந்தைப் படம்னுதானே சார் போனோம்" என்றார் அப்பா. கூப்பிட்டார்களா என்று நான் கேட்கவில்லை. அந்தப் படத்தை எட்டு வயதுக்கு மேல் எல்லாக் குழந்தைகளுக்கும் காட்டலாமென்பது என் அபிப்பிராயம். பெற்றோர்தான் தங்களுக்கு வயது வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை சட்டம் பேசியவனைச் சென்ற வருஷம் ஒரு தாயார் மடக்கினாள். எங்கள் தெருவில், நாலு வீடு தள்ளி. தபால் ஆபீஸில் வேலை. எட்டாவது படிக்கிற பெண். அந்தப் பெண் என் அலமாரியைக் குடைகிற சுதந்திரம் உள்ளவள்; நானே அவளுக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா'வை எடுத்துக் கொடுத்தேன். தொண்ணூறுகளில் வந்த சிறு புத்தகம். ஒரு விஞ்ஞான ஆசிரியை தன் நூலுக்கு எழுதிய முன்னுரை என்ற உருவத்தில் இருக்கும். ஓயாமல் கேள்வி கேட்கிற ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். கேள்விக்குப் பதிலாக அடி வாங்குகிறவள். அடி வலிக்காமலிருக்க ஒரு மருந்தைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்துச் செத்துப்போகிறாள். ஆசிரியர்களுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய புத்தகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு? அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. பதின்மூன்று வயதுக்குத் தாராளமாகத் தரலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா புத்தகத்தோடு வந்தாள்.

"அவ படிக்கறதுக்கு முன்னாடி நான் படிச்சேன் சார். நல்லா எழுதியிருக்காரு. நான் அழுதேன்."

"அப்புறம் என்னம்மா?"

"இப்ப வேண்டாம் சார். ரெண்டு மாசமா அவளுக்குக் கிளாஸ்ல தினம் ஏதாவது ஒண்ணு. ஏன் சந்தேகம் கேக்கறேன்னு நிக்க வச்சிட்டாங்களாம். என்கிட்ட சொல்லல; நோட்டுல எழுதி வச்சிருந்தா, நான் பார்த்தேன். இந்தப் பொண்ணுக்கு வலிக்காம இருக்க ஒரு வழி கிடைக்குது பாருங்க, அந்த இடத்துக்கு நான் அவளை இப்பத் தனியா அனுப்ப மாட்டேன்."

தணிக்கைக் குழுவில் இருபத்தைந்து பேர் உட்கார்ந்து இருபத்தைந்து நாள் விவாதித்தாலும் இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல விமரிசகனுக்கும் அகப்படாது. புத்தகத்தில் எந்தத் தோஷமுமில்லை, பெண்ணிடமும் எந்தத் தோஷமுமில்லை. இரண்டும் இந்த இரண்டு மாதத்தில் சந்திக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே தெருவில் அதே வயதுள்ள இன்னொரு பெண்ணுக்கு அந்தப் புத்தகம் அமிர்தமாயிருக்கலாம். இவளுக்கும் அடுத்த கோடை விடுமுறையில் இருக்கலாம்.

புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இது எங்கிட்டயே இருக்கட்டும் சார். நாளைக்கு லீவு போட்டிருக்கேன். ஸ்கூலுக்குப் போய் அந்த மிஸ்ஸைப் பார்க்கணும். அதுக்கப்புறம் நானே பக்கத்துல உக்காந்து அவளுக்குப் படிச்சுக் காட்டறேன். எங்க நிறுத்தணும்னு பார்த்துக்கறேன்."

அதற்குப் பதிலாகப் பெண்ணுக்குப் படிக்க என்ன கொடுக்கலாம் என்று கேட்டாள். நான் அவசரப்பட்டுப் பெயர் எதுவும் சொல்லவில்லை. அலமாரியைக் காட்டினேன். அரை மணி நேரம் நின்று, ஒவ்வொன்றாக எடுத்து நடுப்பக்கத்தைத் திறந்து படித்துப் பார்த்து, கடைசியில் பழைய வாண்டுமாமா ஒன்றையும் சுஜாதா ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனாள். சுஜாதா தனக்கு என்றாள்.